ஏழைக்கும் இருதயம் உண்டு

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வழக்கமாக நாம் கூடுவது போனசுக்காக, பஞ்சப்படிக்காக, கூலி உயர்வுக்காக. இன்று இருதயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இது டாக்டர்கள் பேசவேண்டிய விஷயமாயிற்றே! கட்சி ஊழியர்களுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாம் டாக்டர்கள் அல்ல, எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவர்கள். ஆனால் ஒரு நோய் எந்த வீட்டுக்குள் நுழைகிறது, எந்த வீட்டை எட்டிப் பார்க்காமல் போகிறது, அதற்கான மருந்து யார் கைக்கு எட்டுகிறது, யார் கைக்கு எட்டவில்லை என்ற கேள்விகள் நம்முடையவை. அவற்றை நாம் பேசாவிட்டால் வேறு யாரும் நமக்காகப் பேசப் போவதில்லை.

"இருதய நோய் பணக்காரன் நோய். நெய்யும் பாலும் உண்டு மெத்தையில் புரள்கிறவனுக்கு வருவது. நமக்கெல்லாம் அது எங்கே வரப்போகிறது?" இப்படி ஒரு பேச்சு நம்மிடையே வெகுநாளாக உண்டு. இது எவ்வளவு தவறு என்பதை டில்லியில் உள்ள ஒரு தேசிய ஆஸ்பத்திரியின் வரலாறே காட்டுகிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

பம்ப்செட்டும் இருதயமும்

முதலில் இருதயம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். கிணற்று மேட்டில் பம்ப்செட் ஓடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். குழாயின் அடியில் புட் வால்வு இருக்கிறது. அது தண்ணீரை மேலே விடும். கீழே திரும்ப விடாது. அந்த வால்வு ஒட்டிக்கொண்டாலோ, கிழிந்து போனாலோ என்ன ஆகும்? இஞ்சின் முக்கி முனகும். வாய்க்காலில் தண்ணீர் வராது.

நம் நெஞ்சில் இருப்பதும் ஒரு பம்ப்தான். நான்கு அறைகள், நான்கு வால்வுகள். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 70 தடவை அடித்து, சுமார் 5 லிட்டர் ரத்தத்தை உடம்பெல்லாம் அனுப்புகிறது. நாள் முழுவதும் கணக்குப் போட்டால் ஒரு லட்சம் துடிப்பு, ஏழாயிரம் லிட்டர். இதற்கு ஷிப்ட் கிடையாது. வாரவிடுமுறை கிடையாது.

இந்த பம்ப் இரண்டு விதமாகக் கெட்டுப் போவதுண்டு. ஒன்று, இருதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் சிறு குழாய்கள் அடைத்துக்கொள்வது. மாரடைப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். இன்னொன்று, வால்வுகள் கெட்டுப் போவது. பிறவியிலேயே குறை இருப்பதும் உண்டு. அதைத் தவிர்த்துப் பார்த்தால், வால்வைக் கெடுக்கும் பெரும் குற்றவாளி ஒரு காய்ச்சல். கீல்வாதக் காய்ச்சல் என்பார்கள். டாக்டர்கள் ருமாட்டிக் காய்ச்சல் என்கிறார்கள்.

அது எப்படி வருகிறது? சிறு குழந்தைக்குத் தொண்டை வலி வருகிறது. ஒரு வகைக் கிருமி அதற்குக் காரணம். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் நெருக்கிப் படுக்கும் வீட்டில் அந்தக் கிருமி ஒரு குழந்தையிடமிருந்து அடுத்த குழந்தைக்குத் தாவுகிறது. உடம்பு அந்தக் கிருமியை எதிர்த்துச் சண்டை போடுகிறது. சில குழந்தைகளின் உடம்பில் அந்தச் சண்டை தடம் புரண்டு, கிருமியைத் தாக்க வேண்டிய சக்தி தன் சொந்த மூட்டுகளையும் இருதயத்தையுமே தாக்குகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், முழங்கால் வீங்குகிறது, பிறகு முழங்கை. "சளிக்காய்ச்சல், வாய்வு" என்று கஷாயம் கொடுக்கிறோம். மூட்டு வலி போய்விடும். ஆனால் வால்வில் பட்ட காயம் போவதில்லை. அது தழும்பாகிறது, வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாசல் குறுகிவிடுகிறது. ரத்தம் முன்னே போக வழியின்றி நுரையீரலில் தேங்குகிறது. அப்புறம் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது.

லைன் வீடுகளிலும் சேரிக் குடிசைகளிலும் வளரும் நோய் இது. நெய்க்கும் பாலுக்கும் இதில் சம்பந்தமே இல்லை!

ஆஸ்பத்திரி பிறந்த கதை

இனி அந்த ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

1943-இல், வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலத்தில், ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு சுகாதாரக் கமிட்டி நியமிக்கப்பட்டது. 1946-இல் அது அறிக்கை தந்தது. பணம் கட்ட முடியாதவர் என்ற காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பது அந்த அறிக்கையின் அடிப்படைக் கொள்கை. உயர்ந்த மருத்துவப் படிப்பையும் ஆராய்ச்சியையும் நம் நாட்டிலேயே நடத்த ஒரு பெரிய தேசிய ஸ்தாபனம் வேண்டும் என்றும் அது சொன்னது.

சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் இதைக் கையில் எடுத்தார். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூஜிலாந்து 10 லட்சம் பவுன் உதவி தந்தது. 1952-இல் டில்லியில் அடிக்கல் நாட்டினார்கள். 1956-இல் பார்லிமெண்ட் தனிச் சட்டமே நிறைவேற்றி, அகில இந்திய மருத்துவ விஞ்ஞான ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. எய்ம்ஸ் என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அம்ருத் கௌர் சிம்லாவில் இருந்த தம் சொந்த மாளிகையையும் ஸ்தாபனத்தின் ஊழியர்களும் நர்சுகளும் ஓய்வெடுப்பதற்காகக் கொடுத்துவிட்டார்.

இதை எந்த முதலாளியும் லாபத்துக்காகக் கட்டவில்லை. தீப்பெட்டிக்கும் துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் கொடுத்த வரியிலிருந்து வளர்ந்த ஸ்தாபனம் இது. அங்கே போய் நிற்கிற ஏழை யாரிடமும் தருமம் கேட்டு நிற்கவில்லை. தன் பங்கைக் கேட்டு நிற்கிறான்.

குழந்தைகள் சொன்ன உண்மை

ஸ்தாபனத்தின் ஆரம்ப ஆண்டுகளிலேயே அங்கு இருதய வைத்தியப் பகுதி தொடங்கியது. அதைக் கட்டி வளர்த்தவர் டாக்டர் சுஜய் ராய். மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குள் செலுத்தி, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் வித்தையில் தேர்ந்தவர். மலை உச்சிகளில் நிறுத்தப்பட்ட சிப்பாய்களின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஏன் என்று ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

அவரும் அவருடைய சகாக்களும் 1963-இல் லண்டன் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எழுதியவர்களில் நோய்க்கூறு நிபுணர் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் ஒருவர், பின்னாளில் எய்ம்சின் டைரக்டராக இருந்தவர். அவர்கள் என்ன சொன்னார்கள்?

மேல்நாட்டுப் பாடப் புத்தகங்களில் அன்று எழுதியிருந்தது இதுதான்: சிறுவயதில் கீல்வாதக் காய்ச்சல் வந்தால், வால்வு நன்றாகச் சுருங்கி ஆளைப் படுக்கையில் தள்ள இருபது வருஷம்கூடப் பிடிக்கும், ஆகவே இது நடுத்தர வயதுக்காரர் நோய். ஆனால் டில்லி ஆஸ்பத்திரியின் வாசலுக்கு வந்து நின்றவர்கள் யார்? இருபது வயது நிரம்பாத பிள்ளைகள்! பன்னிரண்டு வயதுச் சிறுவன், பதினைந்து வயதுப் பெண். புத்தகப்படி அவர்களுக்கு அந்த அளவுக்கு வால்வு சுருங்கியிருக்கக் கூடாது. ஆனால் சுருங்கியிருந்தது. இந்தியாவில் இந்த நோய் வெகு வேகமாக, வெகு இளம் வயதிலேயே முற்றிவிடுகிறது என்பதை அந்தக் கட்டுரை உலகத்துக்கு எடுத்துக்காட்டியது.

தோழர்களே! இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள். லண்டன் குழந்தையின் இருதயமும் நம் குழந்தையின் இருதயமும் ஒரே சதையால் ஆனவை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? ஒரு தடவை வந்த தொண்டை வலிக்கு மருந்து இல்லை. அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வருகிறது. அதற்கும் மருந்து இல்லை. ஒவ்வொரு தடவையும் வால்வில் புதுக் காயம். நெருக்கமான வீடும், எட்டாத டாக்டரும், வற்றிய வயிறும் சேர்ந்து இருபது வருஷ நோயை ஐந்தாறு வருஷத்தில் முடித்துவிடுகின்றன.

வேலூரிலிருந்து டில்லிக்கு

நோயைக் கண்டுபிடித்தால் போதுமா? சரி செய்ய வேண்டாமா?

இந்த இடத்தில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1949-இல் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சு ரண சிகிச்சைப் பகுதியைத் தொடங்கினார். இந்திய டாக்டர்கள் பலர் அங்கே பயிற்சி பெற்றார்கள். ஒட்டிக்கொண்ட வால்வைப் பிரிப்பதற்கு அக்காலத்தில் இருந்த வழி எது தெரியுமா? துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்தில் சிறு துவாரம் செய்து, டாக்டர் தம் விரலை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமலே தடவிப் பார்த்து, வால்வின் இதழ்களைப் பிளந்துவிடுவார். கருவிகள் குறைந்த காலத்தில் இந்த முறை ஏராளமான ஏழைகளைப் பிழைக்க வைத்தது.

இருதயத்தைத் திறந்து உள்ளே பார்த்துச் சிகிச்சை செய்ய வேண்டுமானால், அந்த நேரம் முழுவதும் இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு இயந்திரம் செய்ய வேண்டும். அமெரிக்காவில் ஜான் கிப்பன் என்பவர் 1953-இல் அத்தகைய இயந்திரத்தை வைத்து முதல் தடவையாக வெற்றி கண்டார். நம் நாட்டில் 1960-களின் தொடக்கத்தில் இந்தத் துறையில் இறங்கிய முன்னோடிகளில் ஒருவர் வேலூரில் பணியாற்றிய டாக்டர் என். கோபிநாத். பின்பு அவர் டில்லிக்குப் போய் எய்ம்சின் இருதய ரண சிகிச்சைப் பகுதிக்குத் தலைமை ஏற்றார். அவரிடம் கற்றவர்கள் நாடெங்கும் பரவினார்கள்.

நெஞ்சைக் கிழிக்காமலே வால்வைத் திறக்கும் வழியும் பிற்பாடு வந்தது. தொடையிலுள்ள ரத்தக் குழாய் வழியாக ஒரு பலூனைச் செலுத்தி, குறுகிய வால்வுக்கு நடுவே அதை ஊத வைத்தால் ஒட்டிய இதழ்கள் விரிந்துகொள்ளும். ஜப்பானிய டாக்டர் இனோவே 1980-களின் ஆரம்பத்தில் இதைச் செய்தார். அமெரிக்க டாக்டர் ஒருவருடன் சேர்ந்து டில்லி டாக்டர்களும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இதைச் செய்து, 1985-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அந்தக் குழுவில் எய்ம்சைச் சேர்ந்த பெண் டாக்டர் சாவித்திரி ஸ்ரீவாஸ்தவாவும் இருந்தார். நோய் இங்கே அதிகம். ஆகவே அனுபவமும் இங்கே அதிகம். நம் நாட்டு டாக்டர்கள் இந்தச் சிகிச்சையில் உலகத்துக்கே பாடம் சொல்லுமளவுக்குத் தேர்ந்தார்கள். இந்தப் பெருமையை எண்ணி மகிழும்போதே, ஏன் இத்தனை குழந்தைகளுக்கு நோய் வந்தது என்று வெட்கப்படவும் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். ஸ்பின்னிங்கில் நிற்கும் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால், "பஞ்சுத் தூசி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பஞ்சுத் தூசியும் நுரையீரலைக் கெடுப்பது உண்மைதான். ஆனால் வால்வு கெட்டவருக்கும் அதே மூச்சுத் திணறல்தான். எங்கள் சங்க அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண் தொழிலாளி இரண்டு வருஷமாக இருமல் மருந்தே குடித்திருந்தார். ஆறாம் மாதக் கர்ப்பத்தில் மூச்சு முட்டி, பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது முதலில் டெபாசிட் கேட்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கேதான் முதல் தடவையாக ஒரு டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, "சிறுவயதில் மூட்டு வீங்கியதா?" என்று விசாரித்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கூடுகிறது; குறுகிய வால்வு அதைத் தாங்காது. அதனால் அதுவரை மறைந்திருந்த நோய் அப்போதுதான் வெளியே தலைகாட்டும். கர்ப்பிணிக்கு மூச்சு வாங்கினால் "இது சகஜம்" என்று இருந்துவிடாதீர்கள். இருதயத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நம் நாட்டு வால்வு

சில பேருக்கு வால்வு பிரிக்க முடியாத அளவுக்குக் கெட்டுவிடும். அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்த வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அதன் விலையைக் கேட்டாலே ஏழைக்கு மீதி உயிரும் போய்விடும்!

இதற்கு விடை திருவனந்தபுரத்தில் பிறந்தது. 1980-இல் பார்லிமெண்ட் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில், டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் டாக்டர்களும் இஞ்சினியர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் தட்டு, சுற்றிலும் தைப்பதற்குத் துணி வளையம். கேட்பதற்கு எளிது. ஆனால் அந்தத் தட்டு வருஷத்துக்கு மூன்றரைக் கோடித் தடவைக்கு மேல் திறந்து மூட வேண்டும். தேயக்கூடாது, உடையக்கூடாது, ரத்தத்தை உறைய வைக்கக்கூடாது. முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. அவர்கள் கைவிட்டுவிடவில்லை. நான்காவது மாதிரி தேறியது. ஆடுகளில் சோதித்தபின், 1990 டிசம்பர் 6-ந் தேதி முதல் தடவையாக ஒரு மனிதருக்கு அது பொருத்தப்பட்டது. பிறகு டி.டி.கே. கம்பெனி அதைத் தயாரித்தது. இறக்குமதி வால்வை விட வெகு குறைந்த விலையில் லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் இதுவரை பொருத்தப்பட்டிருக்கின்றன.

சர்க்கார் ஸ்தாபனத்தால் என்ன செய்ய முடியும் என்று ஏளனமாகக் கேட்பவர்களுக்கு இந்தச் சிறு வட்டத்தைக் காட்டுங்கள்!

இப்படிப்பட்ட வால்வு பொருத்திக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். மருந்தின் அளவு சரிதானா என்று அடிக்கடி ரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும். நடவு வேலை வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் வால்வு நின்றுவிடும். சோதனைக்குப் போகும் நாளில் கூலி போகிறதே என்பது உண்மைதான். அந்த நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கேட்பது சங்கத்தின் வேலை.

மாற்று இருதயம்

வால்வு மட்டுமல்ல, இருதயமே கெட்டுவிட்டால்? இறந்தவரின் இருதயத்தை எடுத்து இன்னொருவருக்கு வைக்க முடியுமா?

இந்தக் கனவுக்கு வழி திறந்தவர்களில் சோவியத் விஞ்ஞானி டெமிகோவ் முக்கியமானவர். 1946-லேயே ஒரு நாயின் நெஞ்சில் இன்னொரு நாயின் இருதயத்தை வைத்துத் துடிக்கச் செய்தார். அவரைத் தேடிப் போய்ப் பார்த்துக் கற்ற டாக்டர் பர்னார்டு, 1967 டிசம்பர் 3-ந் தேதி தென் ஆப்பிரிக்காவில் மனிதனுக்கு மனிதன் இருதயம் மாற்றினார். 1968 பிப்ரவரியில் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.கே. சென் அதே முயற்சியைச் செய்தார். நோயாளி சில மணி நேரமே உயிரோடிருந்தார். முயற்சி தோற்றது; ஆனால் உலகம் அப்போதுதான் அடியெடுத்து வைத்த ஒரு வேலையை இந்தியாவின் நகரசபை ஆஸ்பத்திரி ஒன்றும் செய்து பார்த்தது என்பது சிறிய விஷயமல்ல.

பிறகு இருபத்தாறு ஆண்டுகள் போயின. மூளை இறந்துவிட்டால் அதுவே மரணம் என்று நம் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் துடிக்கும் இருதயத்தை எடுக்க வழியில்லை. 1994-இல் பார்லிமெண்ட் உறுப்பு மாற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ந் தேதி எய்ம்சில் டாக்டர் பி. வேணுகோபால் தலைமையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இருதய மாற்று நடந்தது.

அந்த இருதயத்தைப் பெற்றவர் யார்? மந்திரியா, மில் முதலாளியா? ஒரு தொழிலாளி! அவர் பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். சிகிச்சை செய்தவர் யார்? 1959-இல் அதே ஸ்தாபனத்தில் மாணவனாகச் சேர்ந்து, அங்கேயே படித்து, அங்கேயே டாக்டராகி, பிற்காலத்தில் அங்கேயே டைரக்டராகவும் இருந்தவர். 2024-இல் அவர் காலமானார். பொதுப்பணத்தில் நடக்கும் கல்லூரி ஒரு மாணவனை வளர்த்தது. அந்த மாணவன் ஒரு தொழிலாளியின் நெஞ்சில் புது இருதயத்தை வைத்தான். தேசிய ஆஸ்பத்திரி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேறென்ன வேண்டும்?

மலிவான மருந்தின் கதை

ஆனால் தோழர்களே, மாற்று இருதயத்தை மட்டும் பேசிக் கைதட்டிவிட்டுப் போனால் நம் கடமை முடிந்துவிடாது. பல்லாயிரம் ரூபாய்ச் சிகிச்சை வேண்டிய நோயைச் சில ரூபாய் ஊசி தடுத்துவிடும் என்றால், முதலில் எதைக் கேட்க வேண்டும்?

அந்த ஊசி பெனிசிலின். தொண்டைக் கிருமியைக் கொல்வது அது. கீல்வாதக் காய்ச்சல் ஒரு தடவை வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை நீண்ட நாள் வேலை செய்யும் பெனிசிலின் ஊசி போட்டுவந்தால், காய்ச்சல் மறுபடி வராது. வால்வில் புதுக் காயம் விழாது. 1950-களிலிருந்தே மருத்துவ உலகம் அறிந்த விஷயம் இது. எத்தனை வருஷம் போடவேண்டும் என்பதை டாக்டர் சொல்வார். பல பேருக்கு வாலிப வயது தாண்டும் வரை வேண்டும்.

அந்தப் பெனிசிலினையும் நாமே செய்தோம்! உலக சுகாதார ஸ்தாபனமும் ஐ.நா. குழந்தைகள் நிதியும் உதவ, புனா அருகே பிம்ப்ரியில் 1954-இல் சர்க்கார் கம்பெனியாக ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் ஏற்பட்டது. 1955-இல் உற்பத்தி தொடங்கியது. பிறகு சோவியத் உதவியோடு ரிஷிகேசத்தில் இன்னொரு மருந்துத் தொழிற்சாலை எழுந்தது. நம் சென்னை நந்தம்பாக்கத்தில் ரண சிகிச்சைக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை எழுந்ததும் அந்த உதவியால்தான்.

பின்னால் என்ன நடந்தது? 1990-களில் இறக்குமதிக் கதவு அகலத் திறந்தது. சீனாவிலிருந்து வந்த மலிவுச் சரக்குக்கு முன்னால் நிற்க முடியாமல் நம் நாட்டுப் பெனிசிலின் மூலப்பொருள் உற்பத்தி நின்றே போனது. சர்க்கார் மருந்துத் தொழிற்சாலைகள் நலிந்து போக விடப்பட்டன. 2024-இல்தான் காக்கிநாடா அருகே ஒரு தனியார் ஆலை, சர்க்காரின் ஊக்கத் தொகையோடு, அந்த மூலப்பொருளை மறுபடி செய்யத் தொடங்கியது. மலிவான ஊசியில் லாபம் குறைவு. லாபம் குறைந்த மருந்தைச் செய்ய முதலாளிக்கு ஆசை வருவதில்லை. மருந்துக் கடையில் "ஸ்டாக் இல்லை" என்று கைவிரிக்கும்போது அதன் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

அடைத்த குழாயும் அடைத்த வழியும்

இப்போது மாரடைப்பும் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பீடி, சிகரெட், புகையிலை, கவனிக்காத ரத்த அழுத்தம், சர்க்கரை வியாதி, இரவு ஷிப்ட், ஓயாத கவலை. இது பணக்காரன் நோய் என்ற பழைய பேச்சு இங்கேயும் பொய்த்துவிட்டது.

அடைத்த குழாயை விரித்து, உள்ளே சிறு வலைக்குழாய் வைக்கிறார்கள். ஸ்டென்ட் என்பார்கள். மருந்து தடவிய ஸ்டென்டை ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேலே விற்றுக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டில் பொதுநல வழக்கு வந்தது. 2017 பிப்ரவரியில் மருந்து விலை ஆணையம் உச்ச விலையை 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தது. சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய். ஒரே நாளில் இவ்வளவு குறைக்க முடிந்தது என்றால், அதற்கு முந்தின நாள் வரை வாங்கிய பணம் யார் பைக்குப் போயிற்று? ஆணையத்தின் கணக்கே சொல்லிற்று: இடையில் வைத்த லாபம் சில இடங்களில் 600 சதவிகிதத்துக்கும் மேல்!

மாரடைப்பில் பணத்தை விட நேரம் பெரிது. நடு நெஞ்சில் பாறாங்கல் வைத்தாற்போல் வலி, இடது கைக்கும் தாடைக்கும் பரவினால், வியர்த்துக் கொட்டினால், "வாய்வு" என்று சோடா குடித்துக்கொண்டிராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2023-லிருந்து "இதயம் காப்போம்" திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு உண்டு. இது தெரியாமல் கிராமத்தில் ஒருவர்கூட இருக்கக் கூடாது.

டில்லியில் எய்ம்ஸ் வாசலுக்குப் போய்ப் பார்த்தவர்கள் சொல்வார்கள்: பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த ஏழைகள் தங்கள் முறைக்காக நடைபாதையில் படுத்துக் கிடக்கிறார்கள். மாம்பழம் ஒன்று, கை நூறு என்ற கதைதான். மற்ற ராஜ்யங்களிலும் எய்ம்ஸ் வேண்டும் என்று 2003-இல் அறிவித்தார்கள். ஆறு ஸ்தாபனங்கள் 2012-இல் இயங்கத் தொடங்கின. நம் மதுரைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2022-இல் அதன் மாணவர்கள் முதல் வகுப்பில் உட்கார்ந்தது மதுரையில் அல்ல, ராமநாதபுரத்தில்! கட்டிடம் எழும்புமுன் மாணவர்கள் வந்துவிட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? நாடு மனம் வைத்தபோது, பொதுப்பணத்தைப் போட்டபோது, நம் டாக்டர்களும் இஞ்சினியர்களும் தொழிலாளரும் எதையும் செய்து காட்டினார்கள். செய்ததைக் கடைசிக் குடிசை வரைக்கும் கொண்டுபோகும் வேலைதான் பாக்கி நிற்கிறது. அந்த வேலையை நச்சரித்து வாங்க வேண்டியவர்கள் நாம்.

குழந்தைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மூட்டு மாறி மாறி வீங்கினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் தேதியைச் சுவரில் குறித்துவைத்து, தவறாமல் போடுங்கள். ஊசி இல்லை என்று சொன்னால் சும்மா திரும்பி வராதீர்கள். கிளைச் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால் ஊசி வரும். ஒவ்வொரு சங்கமும் தன் பகுதிச் சுகாதார நிலையத்தில் மாதம் ஒரு முறை போய், பெனிசிலின் இருக்கிறதா, ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறதா என்று விசாரிக்கட்டும். லைன் வீடுகளில் ஒரு அறைக்கு எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கை அடுத்த கோரிக்கை மனுவில், கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதுவோம். காற்றும் வெளிச்சமும் உள்ள வீடும் இருதய வைத்தியம்தான்.

டில்லியில் மாற்று இருதயம் வைக்கத் தெரிந்த தேசத்துக்கு நம் தெருவில் ஒரு ஊசி போட முடியாதா? முடியும். கேட்போம், தோழர்களே! கிடைக்கும் வரை கேட்போம்!